கியூவை அளந்துபோட்டு மெசினை வாங்குங்கோ

எங்கட ஆக்களில் ஒருவர் பூல் கியூ செய்யப் போறாராம். நல்ல விசயம். 1973இல் பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் வென்ற எம். ஜே. எம். லாபிரின் நாடு இது. ஆனாலும் நாங்கள் கையில பிடிச்ச கியூ எல்லாம் வெளியில இருந்து வந்ததுதான். இங்கேயே செய்வம் என்று ஒருவர் எழும்பினால் நாங்கள் ஏன் மறிக்கப் போறம்?

நாங்கள் மறிக்கிறது அவர் வாங்கப் போற மெசினை. மேசையில வைக்கிற சின்ன மில்லிங் மெசின்; காசு கனடாவில இருக்கிற அண்ணாவின்ர. "இரும்பையே வெட்டுது, மரத்தை வெட்டாதோ?" இதுதான் அவர் சொல்லுற நியாயம்.

வெட்டும். பிழையா வெட்டும்.

முதலில் நீளம். கைபிடிக்கு மேலே கூர்கூராக ஏறுகிற வேற்று நிற மரங்களைப் பார்த்திருப்பியள். ஒவ்வொரு கூருக்கும் வீ வடிவக் காடி ஒன்று சரிவாக வெட்ட வேணும். அது பத்து, பன்னிரண்டு அங்குலம் ஓடும். சின்ன மில்லின் மேசை நகருவது எட்டு, ஒன்பது அங்குலந்தான். மிச்சத்துக்கு மரத்தைக் கழற்றித் தள்ளிப் பூட்டினால் காடியில் படி விழும். சரிவு ஒன்றரைப் பாகை என்று வையுங்கோ: ஆழம் 0.1 மில்லிமீற்றர் பிசகினால் கூரின் நீளம் கிட்டத்தட்ட 4 மில்லிமீற்றர் பிசகும். நாலு கூரும் நாலு உயரத்தில நிற்கிற கியூவை ஆர் வாங்குவினம்?

அடுத்தது வேகம். அந்த மில்லுகள் நிமிடத்துக்கு 2,500 சுற்று அளவோடு நின்றுவிடும். உருக்குக்கு அது காணும். சிப்பி பதிக்கப் பள்ளம் தோண்டுகிற 0.8 மில்லிமீற்றர் வெட்டியை அந்த வேகத்தில் சுற்றினால், அதன் விளிம்பு நிமிடத்துக்கு ஆறு மீற்றர்தான் ஓடும். மரம் வெட்டுப்படாமல் பிய்யும். அவசரப்பட்டுத் தள்ளினால் வெட்டி முறியும். தச்சர் ஓரம் சீவுகிற சின்னக் கை றவுட்டர் 25,000 சுற்றுக்கு மேல ஓடும். அதனால்தான் கியூ செய்பவர்கள் பலர் றவுட்டரை லேத்தின் மேலேயே பூட்டிக் காடி வெட்டுகிறார்கள்.

"அப்ப பெரிசா ஒண்டை வாங்குவம்" என்பினம். பெரிய மேசை மில்லுகளில் 18 அங்குலம் ஓடும், உண்மைதான். நூறு கிலோவுக்கு மேல பாரம், விலையும் அதுக்கேற்ற மாதிரி. சுழலும் வேகம் அதிலும் மரத்துக்குக் காணாது.

மில்லால் பிரயோசனமே இல்லை என்று நாங்கள் சொல்லேல்லை. அலுமினியத்தில் தாங்கிகள் செய்ய நல்ல சாமான். ஆனால் அது மூன்றாவது, நாலாவது மெசின். கியூ வேலையில் பெரும்பகுதி லேத்தில்தான்: நுனித் தோல், அதன் கீழுள்ள வெள்ளைப் பூண், நடுப் பொருத்து, உடலின் ஒடுக்கம். நியூயோர்க்கில் கியூ செய்து 1975இல் இறந்த ஜோர்ஜ் பலபுஷ்கா, பிரன்ஸ்விக்கின் டைட்டிலிஸ்ட் கியூக்களையும் மற்றவர்கள் கூர் ஒட்டிக் கொடுத்த கட்டைகளையும் எடுத்துத்தான் தன் கியூக்களைச் செய்தார். அவற்றைச் சேகரிப்பவர்கள் இன்றைக்கும் தேடித் திரிகிறார்கள். கூரை அவர் வெட்டேல்லை என்று ஒருத்தரும் விலையைக் குறைக்கிறதில்லை.

எங்களுக்குக் கோபம் வாறது இன்னொரு இடத்தில. வாழ்வாதார உதவி என்று மெசினைக் குடுத்து, படம் எடுத்துக்கொண்டு போறவையை நாங்கள் எத்தனை தரம் திட்டியிருக்கிறம்? வேலை என்ன, சந்தை எங்க, பழக்கிறது ஆர் என்று கேளாமல் குடுத்த தையல் மெசின் மூலையில தூசி பிடிச்சுக் கிடக்கிற வீடுகளைக் கண்டிருக்கிறம். அதே பிழையை எங்கட காசில, எங்களுக்கு நாங்களே செய்யிறதோ?

முதலில் லேத். கியூவின் 32 மில்லிமீற்றர் அடி நுழையிற துளை இருக்கோ, 29 அங்குலப் பாதிக்கியூவைத் தாங்குமோ என்று பாருங்கோ. ஊரில் இருக்கிற கியூக்களுக்குத் தோல் மாற்றுங்கோ, பூண் மாற்றுங்கோ. நூறு கியூ கையால போகட்டும். பிறகு கூர் வெட்டுற ஆசை இருந்தால் நீளமும் வேகமும் கேட்டு வாங்குங்கோ. குதிரைவலுவும் கிலோவும் விற்கிறவையின்ர கணக்கு.

அண்ணா பனிக்குள்ள ரெண்டு வேலை செய்து அனுப்பின காசு அது. கடைக்குப் போக முதல் அளவுநாடாவை எடுத்து, கையில இருக்கிற கியூவை அளவுங்கோ.