கலைஞனுக்கு எதுக்குங்க அரசியல்?

"வந்தமா, வாசிச்சமா, போனமான்னு இருக்கணும்!" ஆபிஸ் டீ பிரேக்கில் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு.

அப்படிப் பேசுறவங்களுக்குப் பாப்லோ கஸால்ஸைத் தெரியுமா? 13 வயசுல பார்சிலோனா கடையொன்றில் பாஹின் செல்லோ தொகுப்புகளைக் கண்டெடுத்து, பல வருஷம் சாதகம் பண்ணிட்டுத்தான் மேடையேற்றினார். அப்பேர்ப்பட்ட மனுஷன், சர்வாதிகாரி ஃபிராங்கோ 1939-ல் ஸ்பெயினைப் பிடித்ததும் பிரான்சில் அகதி. உலகப்போர் முடிந்தும் ஃபிராங்கோவை யாரும் அசைக்கலை. "அவனை ஏத்துக்கிற நாட்டுல வாசிக்க மாட்டேன்"னு செல்லோவை ஓரமா வச்சுட்டார். 1950-ல் வித்வான்கள் அவர் இருந்த பிராட் ஊருக்கே தேடி வந்தாங்க.

1961-ல் வெள்ளை மாளிகையில் வாசிச்சாரேன்னு மடக்குவீங்க. ஆமா, கென்னடி மேல வச்ச நம்பிக்கையில ஒருமுறை தளர்ந்தார். அதுக்காக மத்ததெல்லாம் பொய்யாயிடுமா?

1973-ல் போர்ட்டோ ரிக்கோவில் செத்தார், வயசு 96. உடல் சொந்த ஊர் வந்து சேர்ந்தது 1979-ல்தான். ஃபிராங்கோவும் போய்ச் சேர்ந்த பிறகு.

இப்ப சொல்லுங்க, எதுக்குங்க அரசியல்?