சத்தம் கேக்குது, பேச்சு கேக்கலையே!

ஐந்து சின்னப் பெட்டி, ஒரு பெரிய பெட்டி, ஒரு பை நிறைய ஒயர். போன ஆடித் தள்ளுபடியில் எங்கள் வீட்டில் வந்து இறங்கிய 'ஹோம் தியேட்டர்' இதுதான். பதினெட்டு மாதம் நான் கட்டிய சீட்டுப் பணம்! டில்டிங் கிரைண்டர் வாங்கலாம் என்று ஆசையாக வைத்திருந்தேன். "ஒரு தடவை வாங்கிட்டா பத்து வருசத்துக்குப் படம் பார்க்கத் தியேட்டர் பக்கமே போக வேண்டாம்" என்று அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து என்னைக் கரைத்து விட்டார்கள். நமக்குத்தான் இளகின மனசாயிற்றே, சகோதரிகளே!

கடைக்காரர் ஆள் அனுப்பி மாட்டித் தருவதாகச் சொன்னார். ஒரு வாரம் ஆகியும் ஆள் வரவில்லை. பிறகென்ன, எங்கே இடம் இருந்ததோ அங்கே பெட்டிகளை வைத்தோம். ஒன்று ஷோகேஸ் மேல், ஒன்று கதவுக்குப் பின்னால், ஒன்று பரண் விளிம்பில். பெரிய பெட்டியை மூலையில் தள்ளினோம். 'நடுப் பெட்டி' என்று எழுதியிருந்தது டி.வி. ஸ்டாண்டில் நுழையவில்லை. அதைப் பக்கத்துப் பீரோ மேல் ஏற்றியாயிற்று.

முதல் நாள் படம் போட்டால், அப்பப்பா! அடுக்களையில் எவர்சில்வர் டம்ளரெல்லாம் தானாக ஆடுகிறது. பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, என் மாமனார் மெதுவாக எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார். காபி கொண்டுபோய்க் கொடுத்து, "ஏனுங்க மாமா, படம் பிடிக்கலைங்களா?" என்று கேட்டேன்.

"சத்தமெல்லாம் நல்லாக் கேக்குது கண்ணு. பேச்சுதான் கேக்கமாட்டீங்குது" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. மாமாவுக்கு எழுபத்து நாலு வயது. பள்ளிபாளையத்தில் நாற்பது வருஷம் விசைத்தறிக் கொட்டகையில் நின்றவர். கொஞ்ச நாளாகவே சாப்பாட்டு நேரம் தவிர கூடத்துக்கு வருவதில்லை. வயசானால் அப்படித்தான் என்று நாங்களும் இருந்துவிட்டோம். அவர் பேச்சு புரியாமல் ஒதுங்கிப் போகிறார் என்று யாருக்கும் தோன்றவில்லை. வீட்டில் ஒரு பெரியவர் இப்படித் தனியாகப் போய் உட்காரத்தானா என் சீட்டுப் பணம் போயிற்று?

அன்றிலிருந்து அந்தப் பெட்டிகளை ஒரு கை பார்ப்பது என்று இறங்கினேன். என் பிள்ளை படித்துக் காட்ட, நான் கேட்டு, வைத்து, மாற்றித் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

எது எதற்கு?

இதை 'ஐந்து புள்ளி ஒன்று' (5.1) என்கிறார்கள். சினிமாக் கொட்டகைக்கு டால்பியின் டிஜிட்டல் முறை 1992-ல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' என்ற ஆங்கிலப் படத்தோடு வந்தது. முன்னால் இடது, வலது, நடு என்று மூன்று; பக்கவாட்டில் இரண்டு; ஆக ஐந்து. அந்தப் 'புள்ளி ஒன்று'தான் 'சப்வூஃபர்' என்ற பெரிய பெட்டி. இடி, வெடி, மேளம் போன்ற அடித்தொனி மட்டும்தான் அதன் வேலை. முழு ஒலி இல்லாமல் ஒரு சின்னப் பங்கு மட்டும் என்பதால் அதற்கு ஒன்று என்று பெயர் இல்லை, புள்ளி ஒன்று!

இதில் நமக்கு முக்கியம் நடுப் பெட்டி. படத்தில் பேசும் பேச்சில் பெரும்பங்கு அதிலிருந்துதான் வரும். சினிமாக் கொட்டகையில் திரையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் போட்டு, திரைக்குப் பின்னாலேயே ஒலிபெருக்கி வைத்திருப்பார்கள். அதனால்தான் பேச்சு நடிகரின் வாயிலிருந்தே வருவதுபோல் இருக்கிறது. நாங்களோ அந்த நடுப் பெட்டியைப் பீரோ மேல் ஏற்றி, முகத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தோம்! பேச்சு எப்படிக் கேட்கும்?

இடம் மாற்றினோம்

நடுப் பெட்டியை டி.வி.க்கு நேர் கீழே ஒரு மரப்பலகை அடித்து, பலகையின் முன் விளிம்பில் வைத்தோம். உள்ளே தள்ளி வைத்தால் பானைக்குள் பேசுகிற மாதிரி ஆகிவிடும். உட்கார்ந்திருப்பவர் காதைப் பார்க்கிற மாதிரி, அடியில் ஒரு சின்ன ரப்பர் கட்டை கொடுத்துச் சற்றே நிமிர்த்தினோம்.

முன்னால் இரண்டு பெட்டிகளும் டி.வி.யிலிருந்து இருபுறமும் ஒரே தூரத்தில், உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்தில் இருக்க வேண்டும். இரண்டு பெட்டியும் நாம் உட்காரும் இடமும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு முக்கோணமாக வந்தால் சரி.

பக்கப் பெட்டிகள் இரண்டும் நமக்கு இரு பக்கமும், சற்றே பின்னால், காதுக்கு ஓரடி இரண்டடி மேலே இருக்கட்டும். எங்கள் சோபா பின்சுவரை ஒட்டிக் கிடந்தது. அதை ஒன்றரை அடி முன்னால் இழுத்தோம். கூட்டிப் பெருக்கவும் வசதியாயிற்று!

பெரிய பெட்டிக்கு ஒரு வேடிக்கையான சோதனை உண்டு. மூலையில் வைத்தால் சுவர்கள் சேர்ந்து அடித்தொனியை ஊதிப் பெருக்கிவிடும். அதனால் பெட்டியைத் தூக்கி நாம் உட்காரும் இடத்தில் வையுங்கள். மேளம் நிறைந்த பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, நீங்கள் சுவரோரமாகக் குனிந்தபடி நடந்து வாருங்கள். எந்த இடத்தில் குழறாமல், அடி அடியாகத் தெளிவாகக் கேட்கிறதோ, பெட்டிக்கு அதுதான் இடம். நான் தவழ்ந்து போனதைப் பார்த்து என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! ஆனால் இடம் கிடைத்தது. டி.வி.க்கு இடது பக்கம், சுவரிலிருந்து ஓரடி தள்ளி.

ஒயர் மாட்டும்போது சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று கவனமாகப் பாருங்கள். ஒரு பெட்டியில் மாறிப் போனாலும் அடித்தொனி சப்பென்று போகும், ஒலி எங்கிருந்து வருகிறது என்றே புரியாது. எங்கள் வீட்டில் ஒன்று அப்படித்தான் மாறியிருந்தது.

இன்னொன்று, நான் செய்த அசட்டுத்தனம். தூசி படக் கூடாதென்று, நானே பின்னிய குரோஷா விரிப்பை ஆம்ப்ளிஃபயர் மேல் போர்த்தி வைத்தேன். முக்கால் மணியில் கொதித்துப்போய்த் தானாக நின்றுவிட்டது. அதற்கு மேலும் பக்கத்திலும் காற்றுப் போக இடம் வேண்டும். அழகு பார்க்கிற இடமில்லை அது!

அறையும் பேசும்

டைல்ஸ் தரை, வெறும் சுவர், கண்ணாடி ஜன்னல். இப்போது நம் வீடுகள் இப்படித்தானே? கூடத்தின் நடுவில் நின்று கையை ஓங்கித் தட்டிப் பாருங்கள். 'டிங்' என்று ஒரு வால் நீண்டால், பேச்சும் அப்படித்தான் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து குழம்பும். நான் பவானி ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து சோபாவுக்கு முன்னால் விரித்தேன். ஜன்னலுக்குக் கனமான திரை. பக்கச் சுவரில் புத்தக அலமாரி. எதிரொலி முழுதும் போகவில்லை, ஆனால் நன்றாகவே அடங்கிற்று.

கடைசியாக ரிமோட்டில் உள்ள அமைப்புகள். டி.வி.யின் ஒலி அமைப்பில் 'பிட்ஸ்ட்ரீம்' அல்லது 'டால்பி' என்பது தேர்வாகி இருக்க வேண்டும். இல்லையென்றால் பல டி.வி.க்களில் ஐந்து பெட்டிக்கான ஒலி வராது, இரண்டுக்கானது மட்டும்தான் வரும். ஒவ்வொரு பெட்டிக்கும் சோதனை ஒலி வரும். எல்லாம் ஒரே அளவாகக் கேட்கிறதா என்று நாம் உட்காரும் இடத்திலிருந்து பாருங்கள். பிறகு நடுப் பெட்டியை மட்டும் மூன்று எண் கூட்டினேன். மொத்தச் சத்தத்தைக் கூட்டாமலே பேச்சு மேலே வந்துவிட்டது. 'நைட்' என்று ஒரு வசதி இருந்தால் இரவில் அதைப் போடுங்கள். வெடிச் சத்தம் அடங்கும், மெல்லிய பேச்சு எழும்.

எங்களுக்கு அது மிகவும் வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு மருமகள் பிள்ளை பெற்று இரண்டு மாதம்தான் ஆகிறது. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அடித்தொனி சுவரைத் தாண்டிப் போகும். நம் படம் முடிவதற்குள் அங்கே தொட்டில் நாலு முறை ஆட வேண்டியிருக்கும்! குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணிக்கு மேல் 45 டெசிபல்தான் என்று 2000-ஆம் ஆண்டின் விதியே இருக்கிறது. விதி கிடக்கட்டும், பச்சைக் குழந்தை தூங்க வேண்டாமா?

காது ஒரு முறைதான்

மாமாவை அரசு மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு அழைத்துப் போனோம். சத்தம் புகாத சின்ன அறையில் உட்கார வைத்துச் சோதித்தார்கள். தாழ்ந்த ஒலி ஓரளவு கேட்கிறது. உச்சமான ஒலிகள் போய்விட்டன. 'ச', 'த', 'ப' போன்ற எழுத்துகள் தெளிவாக விழாது. 'பல்' என்றால் 'கல்' என்று கேட்கும். தறிச் சத்தத்தில் வருஷக்கணக்காக நின்றவர்களுக்கு இப்படி வருவது சாதாரணமாம். உள்காதின் நுண்ணிய மயிரணுக்கள் அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை. காதுக் கருவிக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

திரும்பி வரும்போது என் பிள்ளையிடம் சொன்னேன்: "அப்பாரு சோத்துக்காகக் காதைக் கொடுத்தாரு. நீ பாட்டுக்காகக் கொடுக்காத சாமி." உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் நாலே மணி நேரம்தான்! குழந்தைகளுக்கு 75-க்குள் இருப்பது நல்லது. படம் ஓடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் சத்தம் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பலகை, ஒயர், ஜன்னல் திரை எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு 1,900 ரூபாய்.

எல்லாம் முடித்த ஞாயிற்றுக்கிழமை மாமாவைக் கேட்டே படம் போட்டோம். 'மந்திரி குமாரி' என்றார். 1950-ல் நம் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்தது, கலைஞர் வசனம். அதை நடத்திய டி.ஆர்.சுந்தரம் நம் திருச்செங்கோட்டுக்காரர்தானே! அந்தக் காலத்துப் படத்தில் ஐந்து பெட்டிக்கு வேலையில்லை, ஒரே ஒலிதான். ரிமோட்டில் 'மூவி' என்ற முறையை வைத்தோம், பேச்சு நேராக நடுப் பெட்டிக்குப் போய்விட்டது.

மாமா கருவியை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்த படமாம். கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று, எழுந்திருக்கவில்லை. திடீரென்று என் பக்கம் திரும்பி, "கண்ணு, கொஞ்சம் கொறைச்சு வையி. இவ்வளவு சத்தம் எதுக்கு?" என்றார்!

கிரைண்டருக்கு அடுத்த சீட்டைப் போட்டிருக்கிறேன், சகோதரிகளே. உங்கள் வீட்டிலும் ஒரு பெரியவர் கூடத்தை விட்டுத் திண்ணைக்குப் போய் உட்காருகிறாரா? ஏன் என்று ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.