சோப்பு எங்கே, தண்ணீர் எங்கே?

ஆண்டுதோறும் அக்டோபர் 15 உலகக் கை கழுவும் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 2008 முதல் நடந்துவரும் வழக்கம் இது. அன்று நாடெங்கும் அரசுப் பள்ளிகளில் குழந்தைகள் வரிசையாக நிறுத்தப்படுகிறார்கள். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகக்கண் என்று தேய்க்கும் முறை சொல்லித்தரப்படுகிறது. உறுதிமொழி வாசிக்கப்படுகிறது, புகைப்படங்கள் மேலிடத்துக்கு அனுப்பப்படுகின்றன. மறுநாள் மதிய உணவு மணி அடிக்கும்போது அதே குழந்தைகள் தட்டை ஏந்திக்கொண்டு நேராக உணவு வரிசைக்குப் போகிறார்களா, வழியில் கை கழுவ ஓர் இடம் இருக்கிறதா என்று பார்க்க அதிகாரிகள் வருவதில்லை.

கை கழுவுதல் அற்பமான விஷயமன்று. நம் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உயிரைப் பறிக்கும் தொற்றுகளில் நிமோனியாவும் வயிற்றுப்போக்கும் முன்வரிசையில் நிற்கின்றன. இரண்டையும் தடுப்பதில் சோப்புக்கும் தண்ணீருக்கும் பெரும் பங்குண்டு. 1847இல் வியன்னா நகரின் பிரசவ மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிணவறையிலிருந்து வரும் மருத்துவர்கள் குளோரின் கலந்த நீரில் கை கழுவிய பின்னரே தாய்மார்களைத் தொட வேண்டும் என்று விதித்தார். தாய்மார்களின் மரணம் வெகுவாகக் குறைந்தது. ஆயினும் அவருடைய சக மருத்துவர்கள் பலர் அதை ஏற்க மறுத்தார்கள். கற்றறிந்த மருத்துவர்களுக்கே விதி வகுத்து, கழுவும் நீரைக் கையெட்டும் இடத்தில் வைத்துத்தான் அந்தப் பழக்கத்தை உண்டாக்க வேண்டியிருந்தது. இன்று ஏழையின் ‘அறியாமை’ பற்றி ஆயாசத்துடன் பேசுவோர் இதை நினைவில் கொள்வது நல்லது.

அறியாமைதான் காரணமா? 2018 ஜூலை முதல் டிசம்பர் வரை நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 76ஆவது சுற்று இதற்குப் பயனுள்ள ஒரு விடையைத் தருகிறது. மலம் கழித்தபின் சோப்பு போட்டுக் கை கழுவும் குடும்பங்கள் 74.1 விழுக்காடு. உணவுக்கு முன் அவ்வாறு செய்பவை 35.8 விழுக்காடு மட்டுமே, 60.4 விழுக்காட்டினர் வெறும் தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு சாப்பிட அமர்கிறார்கள். சோப்பின் பயனை அறியாதவர்கள் அல்லர் இவர்கள். ஒரு வேளைக்குப் பயன்படுத்தும் சோப்பை மறு வேளைக்கு விட்டுவிடுகிறார்கள்.

இதில் கல்விக்கு வேலை இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. கண்ணுக்குத் தெரியும் அழுக்குத்தான் அழுக்கு, கண்ணுக்குத் தெரியாத கிருமி இல்லாத கிருமி என்ற எண்ணம் படித்தவர் வீடுகளிலும் உண்டு. அறிவியல் இயக்கங்கள் விடாமல் செய்யவேண்டிய பணி அது. ஆனால் அதே ஆய்வு மற்றொரு செய்தியையும் சொல்கிறது. குடிநீருக்கான முதன்மை ஆதாரமாக வீட்டுக்குள்ளேயே குழாய் வைத்திருந்த குடும்பங்கள் அன்று நாடு முழுவதிலும் 21.4 விழுக்காடு, கிராமப்புறத்தில் 11.3 விழுக்காடு. தெருக்குழாயிலிருந்தோ அடிபம்பிலிருந்தோ குடத்தைச் சுமந்துவரும் பெண், ஐந்து பேர் கொண்ட வீட்டில் நாளொன்றுக்கு எத்தனை முறை சோப்பு நுரையைக் கழுவி ஊற்ற முடியும் என்பதைக் கணக்கிட்டே வாழ்கிறாள். கூலி வாங்கிய நாளில் சோப்புக்கட்டியைப் பாதியாக வெட்டி, ஒரு பாதியைத் துணிக்கு என்று எடுத்து வைக்கும் வீடுகளை அறியாத தோழர்கள் இருக்க முடியாது.

2019இல் ஜல் ஜீவன் திட்டம் அறிவிக்கப்பட்டபின் வீட்டு இணைப்புகள் பெருகியுள்ளன. அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. இணைப்பு தருவது ஒரு வேலை, அதில் அன்றாடம் நீர் வரச்செய்வது வேறு வேலை. முதலாவது புள்ளிவிவரப் பட்டியலில் ஏறிவிடுகிறது. இரண்டாவதுக்கு ஊராட்சியின் கையில் பணமும் பம்பு இயக்குபவருக்கு ஊதியமும் வேண்டும்.

பள்ளிக்கு வருவோம். குழந்தையின் பழக்கம் படியும் இடம் அது. பள்ளிகளில் குடிநீரும் கழிப்பறையும் ஆறு மாதங்களுக்குள் அமைய வேண்டும் என்று 2012 அக்டோபரில் உச்சநீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. 2014 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் பேசிய பிரதமர், ஓராண்டுக்குள் ஒவ்வொரு பள்ளியிலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை இருக்கும் என்றார். அடுத்த ஆண்டே இலக்கு நிறைவேறிவிட்டதாக அறிவிப்பு வந்தது. இதில் ஒரு பகுதியைக் கட்டும் பொறுப்பு பொதுத்துறை நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அவை கட்டியவற்றைத்தான் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் ஆய்வு செய்து, 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் அறிக்கை வைத்தார்.

15 மாநிலங்களில் 2,695 கழிப்பறைகளை நேரில் பார்க்கத் தணிக்கைக் குழுவினர் போனார்கள். 83 கழிப்பறைகள் அடையாளம் காணப்பட்டதோடு சரி, கட்டப்படவேயில்லை. கட்டி முடிக்கப்பட்டதாக ஏட்டில் இருந்தவற்றுள் 200 கழிப்பறைகள் மண்ணில் இல்லை. 86 அரைகுறையாக நின்றன. இருந்தவற்றில் 30 விழுக்காடு பயன்பாட்டில் இல்லை. 72 விழுக்காட்டில் உள்ளே குழாய்நீர் இல்லை. 55 விழுக்காட்டில் கை கழுவும் வசதி கிடையாது.

கடைசி எண்ணை மறுபடியும் படிக்க வேண்டும். கை கழுவக் கற்பிக்கும் அரசு, பாதிக்கும் மேற்பட்ட இடங்களில் கை கழுவ இடம் வைக்காமலேயே கழிப்பறையைக் கட்டி முடித்திருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையும் இங்கே சற்றுக் குறையுடையது: ஆண், பெண் குழந்தைகளுக்குத் தனிக் கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர் என்று அது சொல்கிறது; கழிப்பறைக்குள் தண்ணீர் என்று சொல்லவில்லை. சட்டம் எண்ணச் சொன்னதை அதிகாரி எண்ணுகிறார். பருவமடைந்த மாணவிக்கு இது கல்வியையே இழக்கச் செய்யும் குறை. தாழ்ப்பாளும் தண்ணீரும் இல்லாத கழிப்பறை உள்ள பள்ளிக்கு அந்த நாட்களில் அவள் வரமாட்டாள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது சானிட்டரி நாப்கினுக்கு 12 விழுக்காடு வரி விதித்து, ஓராண்டுக் காலப் பெண்களின் எதிர்ப்புக்குப் பிறகே அதை நீக்கிய அரசுதான் இது.

கட்டுவதற்கு ஒப்பந்தக்காரர் கிடைக்கிறார்; திறப்பு விழாவும் கிடைக்கிறது. பராமரிப்புக்கு இரண்டும் இல்லை. ஒன்றிய அரசின் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவின் விதிகளின்படி, 31 முதல் 100 மாணவர் வரை படிக்கும் பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் பள்ளி மானியம். அதில் குறைந்தது 10 விழுக்காட்டைத் தூய்மைக்குச் செலவிட வேண்டும். அதாவது 2,500 ரூபாய். மாதத்துக்கு 208 ரூபாய். எண்பது குழந்தைகளுக்குச் சோப்பு, பினாயில், துடைப்பம், வாளி, பழுதான குழாய்க்கு மாற்று, இவை அனைத்தும் இந்தத் தொகையில். கூடுதலாகச் செலவிடத் தடையில்லை என்று அதிகாரிகள் விளக்கம் தருவார்கள். சுண்ணக்கட்டி முதல் மின்கட்டணம் வரை அதே 25,000 ரூபாயில்தான் அடங்கவேண்டும் என்பதைச் சொல்லமாட்டார்கள்.

இந்தக் கணக்கில் துப்புரவுப் பணியாளரின் ஊதியம் எங்கே? எங்கும் இல்லை. பல மாநிலங்களில் அரசுப் பள்ளிக் கழிப்பறையைச் சுத்தம் செய்ய நிரந்தரப் பணியாளர் கிடையாது. அப்படியானால் சுத்தம் செய்வது யார்? பகுதிநேரமாகச் சில நூறு ரூபாய்க்கு வரும் ஒரு பெண். அவரும் இல்லாத இடத்தில் குழந்தைகள். எந்தக் குழந்தைகள் என்று கேட்டால் விடை சேரியின் பக்கம் கைகாட்டும். தலித் மாணவரைக் கழிப்பறை கழுவச்செய்த செய்தி ஏதேனும் ஒரு மாநிலத்திலிருந்து வராத ஆண்டில்லை.

சுகாதாரக் கல்வியின் உண்மையான பாடம் இங்கேதான் நடக்கிறது. தூய்மை என்பது தானே செய்துகொள்வது என்று பாடநூல் சொல்கிறது. தூய்மை என்பது தனக்காக மற்றொரு சாதிக்காரர் செய்வது என்று பள்ளிக்கூடம் காட்டுகிறது. குழந்தை இரண்டாவதைக் கற்றுக்கொள்கிறது. ‘ஸ்வச்ச’ என்பதைத் தமிழில் ‘தூய்மை’ என்று பெயர்த்தது தவறில்லைதான். எனினும் தமிழில் அந்தச் சொல்லின் எதிர்ப்பக்கத்தில் அழுக்கு மட்டும் நிற்கவில்லை, தீட்டும் நிற்கிறது. வாசலில் கோலமிட்டு, வீட்டுக் குப்பையைத் தெருவில் கொட்டுபவர் தம்மைத் தூய்மையானவராகவே கருதுகிறார். அதை அள்ளுபவர்தான் அவர் கண்ணுக்கு அழுக்காகத் தெரிகிறார். 2014 அக்டோபர் 2 அன்று தூய்மை இந்தியா திட்டம் டெல்லியின் வால்மீகி குடியிருப்பில் தொடங்கப்பட்டது. துடைப்பம் ஒரு நாள் கைமாறியது. புகைப்படம் எடுத்தபின் பழைய கைகளுக்கே திரும்பிவிட்டது.

கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 1993இல் வந்தது. போதாமல் 2013இல் மற்றொன்று வந்தது. மலக்குழியில் இறந்தோர் குடும்பங்களுக்கு 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு என 2014 மார்ச்சிலும், 30 இலட்சம் என 2023 அக்டோபரிலும் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இழப்பீடு உயர்ந்தது, குழிக்குள் மனிதரை இறக்குவது நிற்கவில்லை. 2019 அக்டோபர் 2 அன்று திறந்தவெளி மலங்கழித்தல் அற்ற நாடாகக் கிராமப்புற இந்தியா அறிவிக்கப்பட்டது. அதே காலகட்டத்தில், 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் 19 விழுக்காடு குடும்பங்கள் கழிப்பறை எதையும் பயன்படுத்தவில்லை என்று தெரியவந்தது.

ஏழைகளின் சுகாதாரம் ஆளும் வர்க்கத்துக்கு எப்போது கவலையளிக்கத் தொடங்குகிறது என்பதை எங்கெல்ஸ் 1872இல், குடியிருப்புப் பிரச்சினை பற்றிய தம் கட்டுரைகளில் விளக்கியிருக்கிறார். தொழிலாளர் குடியிருப்பில் பிறந்த தொற்றுநோய் முதலாளிகளின் தெருவை எட்டும்போதுதான் அது தொடங்குகிறது. பம்பாய் அதற்கு ஓர் உரைகல். 1896இல் அங்கே பிளேக் பரவியது. 1897இல் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. 1898இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை அமைக்கப்பட்டது. நெரிசலான குடியிருப்புகள் இடிக்கப்பட்டன. வெளியேற்றப்பட்டோர் வேறு நெரிசலில் போய்ச் சேர்ந்தார்கள். 2020 மார்ச்சில் ஒன்றிய அரசு கையிலெடுத்ததும் அதே 1897ஆம் ஆண்டுச் சட்டம்தான். ஏப்ரலில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்குப் போன தமிழர் பரம்பரைகள் வாழும் தாராவியை கொரோனா எட்டியது. சுமார் இரண்டரைச் சதுர கிலோமீட்டரில் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். பெரும்பாலோருக்கு வீட்டில் கழிப்பறை இல்லை, பொதுக் கழிப்பறைதான். அவர்களிடம்தான் வீட்டைவிட்டு வெளியே வராதீர்கள், அடிக்கடி கை கழுவுங்கள் என்று சொல்லப்பட்டது. தாராவியில் தொற்று கட்டுப்பட்டதற்கு அறிவுரை மட்டும் காரணமன்று. மருத்துவர்கள் வீடுவீடாகச் சென்றதும், பொதுக் கழிப்பறைகள் ஒரு நாளில் பலமுறை சுத்தம் செய்யப்பட்டதும், பள்ளிகளும் மண்டபங்களும் தனிமைப்படுத்தும் இடங்களாக மாறியதும்தான் அதைச் சாதித்தன. நோய் தணிந்தபின் அந்தக் கழிப்பறைகளை அதே அக்கறையுடன் பேணுவது பற்றிப் பேச்சில்லை.

புரட்சிக்குப் பிந்தைய ருஷ்யாவில் தைஃபஸ் காய்ச்சல் இலட்சக்கணக்கானோரைக் கொன்றுகொண்டிருந்தது. 1919 டிசம்பரில் சோவியத்துகளின் ஏழாவது காங்கிரசில் உரையாற்றிய லெனின், நோயைப் பரப்பும் பேனுக்கு எதிரான போராட்டத்தைப் போர்முனைக்கு நிகராக வைத்தார். சுவரொட்டிகள் அச்சிடப்பட்டன, மாயகோவ்ஸ்கி போன்ற கவிஞரே அவற்றுக்கு எழுதினார். சுவரொட்டியோடு பொதுக் குளியலகங்களும் சேர்ந்தே வந்தன.

கேரளத்தில் 2020 மார்ச்சில் இடது ஜனநாயக முன்னணி அரசு நடத்திய ‘சங்கிலியை அறுப்போம்’ இயக்கத்தின் வலுவும் இதுதான். பேருந்து நிலையங்களிலும் அலுவலக வாசல்களிலும் கை கழுவும் தொட்டிகள் முதலில் வந்தன. அதேசமயம், 2024 ஜூலையில் திருவனந்தபுரத்தின் ஆமயிழஞ்சான் கால்வாயில் குப்பை அகற்ற இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி மாண்டதையும் இடதுசாரிகள் மறைக்கத் தேவையில்லை. பொறுப்பு ரயில்வேயினுடையதா, மாநகராட்சியினுடையதா என்று பின்னர் வாதம் நடந்தது. இறங்கியவருக்கு அந்த வாதத்தால் பயனில்லை. ஹரித கர்ம சேனையின் பெண்கள் வீடுவீடாகப் பிளாஸ்டிக் சேகரிக்கும் மாநிலத்தில், அந்தக் கால்வாயில் அவ்வளவு பிளாஸ்டிக் எப்படிச் சேர்ந்தது என்ற கேள்வி நேர்மையான விடையைக் கோருகிறது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்கவேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்கவேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் விதி. பெரும்பாலான ஊர்களில் இக்குழு கையெழுத்துக்காக மட்டும் கூடுகிறது. கட்சிக் கிளைகளும், மாதர், வாலிபர், மாணவர் அமைப்புகளும் நுழையவேண்டிய வாசல் இது. சமைத்துப் பரிமாறும் மதிய உணவு ஊழியருக்கு 2009இல் மாதம் 1,000 ரூபாய் என்று மதிப்பூதியம் நிர்ணயித்த ஒன்றிய அரசு, அதன்பின் பதினைந்து ஆண்டுகள் தன் பங்கை ஒரு ரூபாயும் உயர்த்தவில்லை. தட்டேந்தி வரும் குழந்தையின் கையை நாள்தோறும் பார்ப்பவர் அவரே. சுகாதாரக் கல்வியின் முதல் ஆசிரியரும் அவரே. அவருடைய ஊதியக் கோரிக்கையும் பள்ளித் துப்புரவுப் பணியாளரின் நிரந்தரப் பணிக் கோரிக்கையும் ஒரே மனுவில் இடம்பெற வேண்டியவை.

இவ்வாண்டு அக்டோபர் 15க்கு அடுத்த வாரத்தில் ஒவ்வொரு கிளையும் தன் பகுதியிலுள்ள அரசுப் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் பெற்றோருடன் செல்லட்டும். உணவு நேரத்தில் குழாயில் தண்ணீர் வருகிறதா, சோப்பு இருக்கிறதா, கழிப்பறையைக் கழுவுபவர் யார், அவருக்கு என்ன ஊதியம், யார் தருகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். ஊராட்சி, வார்டு வாரியாக அந்த விவரங்கள் மாவட்டக்குழுவுக்கு வந்து சேர்ந்தால், அடுத்த நிதிநிலை அறிக்கைக்கு முன் எந்தப் பள்ளிக்காக எந்த அலுவலகத்தின் முன் நிற்கவேண்டும் என்பது தெரிந்துவிடும்.