டிவி கவருக்குள் பாஸ்பரஸ் எதற்கு? எளிய விளக்கம்

டிவியின் பின்பக்க பிளாஸ்டிக்கில் சட்டென்று தீ பிடிக்காமல் இருக்க ஒரு ரசாயனம் கலப்பாங்க. பல ஆண்டுகள் அந்த வேலையைச் செய்தது புரோமின் அடங்கிய டெகாபிடிஇ. அது கசிந்து வீட்டுத் தூசியிலும், தாய்ப்பாலிலும்கூட கண்டறியப்பட்டது. 2017-ல் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் தடைப் பட்டியலில் சேர்ந்தது.

அப்போ மாற்று?

பாஸ்பரஸ். தீ பட்டால் பிளாஸ்டிக்கின் மேல் கரி அடுக்கை உருவாக்கி, வெப்பத்தையும் ஆக்சிஜனையும் தடுக்கும். ஆனால் தனியாகக் கலந்தால் இதுவும் கசியலாம். அதனால் பாலிமர் சங்கிலியிலேயே பிணைக்கிறார்கள்.

எப்படி?

வழக்கமான முறையில் சங்கிலிகள் இஷ்டத்துக்கு வளரும். 1998-ல் ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ வெளியிட்ட 'ராஃப்ட்' முறையில் எல்லாமே ஏறக்குறைய ஒரே நீளம். பாஸ்பரஸ் எந்தப் பகுதியில் வரணும் என்பதையும் தீர்மானிக்கலாம்.

சிக்கல் என்ன?

இதற்குத் தேவைப்படும் கந்தகச் சேர்மத்தால் செலவு கூடும். நிறமும் வாடையும் ஒட்டிக்கொள்ளும். ஆய்வகத்தில் ஓகே... ஆலையில் கட்டுப்படியாகுமா என்பதுதான் கேள்வி.