தங்கச் சுரங்கத்தில் பங்கு வேண்டுமா?

மாணிக்கம் வாங்க ஆபிரிக்காவுக்குப் போய்வரும் நம்மவர்களிடம், மினுங்கும் கல்லொன்றைக் காட்டித் தங்கச் சுரங்கத்தில் பங்கு பேசுவோர் உண்டு. மாணிக்கத்தில் பழம் தின்று கொட்டை போட்ட முதலாளிமார்கூட இதில் தடுமாறிவிடுகிறார்கள். இல்லம் வேறு, தங்கப் பாறை வேறு என்பதே காரணம்.

மாணிக்கம் ஆறு கொண்டுவந்து சேர்த்த இல்லத்தில் கிடப்பது. கழுவினால் கண்ணுக்குத் தெரியும். பாறைத் தங்கத்தின் கதை வேறு. பூமியின் ஆழத்தில் எரிமலைக் குழம்பால் சூடேறிய நீர், கந்தகத்தின் துணையோடு தங்கத்தைக் கரைத்துக்கொண்டு பாறை வெடிப்புகள் வழியே மேலேறுகிறது. மேற்பரப்பை நெருங்கும்போது அமுக்கம் குறைந்து நீர் கொதிக்கிறது. கந்தக வாயு பிரிந்ததும் தங்கம் கரைந்திருக்க வழியின்றி, குவார்ட்ஸ் கல்லோடு வெடிப்பிலேயே படிந்துவிடுகிறது.

மதீனா மாகாணத்திலுள்ள மஹ்துத் தஹப் சுரங்கம் இவ்விதம் உண்டானதே. ‘தங்கத்தின் தொட்டில்’ என்பது பொருள். அப்பாஸியர் காலத்திலேயே அங்கு தோண்டியிருக்கிறார்கள். 1939 முதல் 1954 வரை ஏழரை இலட்சம் அவுன்ஸுக்கு மேல் எடுக்கப்பட்டது. 1988இல் மீண்டும் திறந்தார்கள். உம்றாவுக்குப் போய்வரும் நம்மில் எத்தனை பேர் அதைக் கேள்விப்பட்டிருக்கிறோம்?

இத்தகைய பாறையில் தங்கம் பெரும்பாலும் நுண்துகள்தான். தொன்னுக்கு 5 கிராம் என்றாலே நல்ல பாறை. அந்தக் கணக்கில் ஒரு பவுனுக்கு 1,600 கிலோ கல்லை உடைக்க வேண்டும். கண்ணைப் பறிக்கும் மஞ்சள் மினுக்கம் அநேகமாக இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட்.

படித்தவர்களும் ஏமாந்ததுண்டு. இந்தோனேசியாவின் புசாங்கில் பெருந்தங்கம் இருப்பதாகச் சொன்ன பிரி-எக்ஸ் என்ற கனடிய கம்பனியின் பங்குகள் சுமார் 600 கோடி கனடிய டொலர் வரை ஏறின. 1997 மே மாதம் குட்டு வெளிப்பட்டது. அரைத்த கல்லில் வெளியிலிருந்து தங்கத் தூளைக் கலந்திருந்தார்கள். ஆற்றில் உருண்டு வந்த தங்கத்தின் ஓரங்கள் மழுங்கியிருக்கும்; பாறைக்குள் படிந்த தங்கம் அப்படி இராது. உருப்பெருக்கியில் அதுவே காட்டிக்கொடுத்தது. துளையிட்டு எடுத்த கல்லில் பாதியை வைத்துக்கொள்ளும் வழக்கத்தையும் அந்தக் கம்பனி கைவிட்டு, முழுவதையும் அரைத்திருந்தது.

ஆகவே அனுமதிப்பத்திரத்தைப் பார்ப்பதோடு நிற்காமல், அந்த மறுபாதிக் கல்லையும் கேளுங்கள். நாம் தெரிவு செய்யும் ஆய்வுகூடத்துக்கு அதை அனுப்பச் சம்மதிக்காதவரிடம், தேநீரைக் குடித்துவிட்டு ஸலாம் சொல்லி எழுந்து வருவதே என் யோசனை.