பல்லக்கு வேண்டாம், பலகை போதும்

1344ஆம் ஆண்டில் இபுன் பத்தூத்தா என்னும் பயணி இலங்கையின் மேற்குக் கரையில் வந்திறங்கினார். அவர் இறங்கிய துறை புத்தளம் என்பதே வரலாற்றாசிரியர் பலரின் துணிபு. அப்பகுதியை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்தி அவருடன் பாரசீக மொழியில் உரையாடினான். ஆதம் மலைக்குச் செல்ல விரும்பியவருக்குப் பல்லக்கும் வழித்துணையும் அளித்தான். வந்தவர் அறிந்த மொழியில் பேசுவது அம்மன்னனுக்கு இழிவாகத் தோன்றவில்லை.

இன்று அக்கரைக்கு வரும் வழிப்போக்கன் பல்லக்குக் கேட்கவில்லை. ஏறவேண்டிய பஸ் எது என்றறிய, பலகையில் தன் மொழியில் ஒரு வரி கேட்கிறான்.

சென்ற ஆண்டு இக்கரையோர நகரொன்றில் நாம் கண்டதைக் கூறுவோம். தலவில புனித அன்னம்மாள் ஆலயத்துக்கு நேர்த்திக்கடன் செலுத்த வந்த மூதாட்டி ஒருவர், வேறு திசை செல்லும் வண்டியில் ஏறிவிட்டார். வண்டியின் நெற்றியில் சிங்களம் இருந்தது, ஆங்கிலமும் இருந்தது, தமிழ் இல்லை. அவரை இறக்கி வழிகாட்டியவர் கடலை விற்கும் முஸ்லிம் இளைஞர். அவர் பேசியதோ நல்ல தமிழ்!

இக்கரைக்குத் தமிழ் விருந்தாளியா? சிலாபத்தின் அருகே முன்னேஸ்வரம் நிற்கிறது. உடப்பிலே திரௌபதி அம்மனுக்குத் தீமிதிக்கிறார்கள். புத்தளத்திலும் கற்பிட்டியிலும் முஸ்லிம்களின் வீட்டுமொழி தமிழ். 1990இல் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களிற் பெருந்தொகையினர் தஞ்சம் புகுந்ததும் இம்மாவட்டத்திலேதான். ஊரார் வாயில் வாழும் மொழிக்கு வண்டியில் மட்டும் இடமில்லையாம்!

1956இல் சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்று சட்டம் செய்தார்கள். 1987இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்றது. ஏட்டில் ஏறிய தமிழ் பஸ்ஸில் ஏறுவதற்கு இன்னும் எத்தனை ஆண்டுகள் வேண்டும்?

கற்பிட்டிக் கடலில் காற்றாடிச் சறுக்கு விளையாட வரும் வெளிநாட்டாருக்கு ஆங்கிலப் பலகை இருக்கட்டும். அதை நாம் வெறுக்கவில்லை. நயினாதீவுக்கு வரும் சிங்கள யாத்திரிகருக்குச் சிங்களப் பலகை வேண்டும் என்பதையும் வற்புறுத்துகிறோம். வழியறியும் உரிமை எல்லார்க்கும் ஒன்றே. அந்நீதியைத் தமிழ் பேசுவோருக்கு மட்டும் மறுப்பானேன்?

பலகையில் ஒரு வரி தீட்டுவதற்குப் பெருஞ்செலவு ஆகாது. வேண்டியது மனம். அம்மனம் தானாக வராவிடில் வரச்செய்வது நம் கடமை. 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழு இத்தகைய முறைப்பாடுகளை விசாரிப்பதற்கே இருக்கிறது. தமிழில்லாத அரசாங்கப் பலகையைக் கண்டால் முணுமுணுத்துவிட்டு நடந்துவிடாதீர்கள். இடத்தையும் நாளையும் வண்டி இலக்கத்தையும் குறித்துத் தமிழிலேயே எழுதி அனுப்புங்கள். ஊருக்கு ஒருவர் எழுதினாலும் போதும். கோவையில் கடிதங்கள் குவியும்போது, குறையே இல்லை என்று எவரும் கூற முடியாது.

அடுத்த திருவிழாவுக்கு அம்மூதாட்டி மீண்டும் வருவார். அன்றேனும் அவர் எவரையும் கேளாமல் தம் வண்டியில் ஏறட்டும்.