ஸ்டீயரிங் பிடித்தவர் பெயர் எங்கே?

குடைமிளகாயைச் சிற்பம் போலப் படம் பிடித்தவர் என்று சொன்னால், புகைப்படக் கலையில் ஆர்வமுள்ள பலருக்கும் எட்வர்ட் வெஸ்டன் ஞாபகத்துக்கு வந்துவிடுவார். 1886-ல் பிறந்து 1958-ல் மறைந்த அமெரிக்கர். கலிபோர்னியாவின் பாலைவனம், மலை, கடற்கரைப் பாறை என்று அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள், லேண்ட்ஸ்கேப் போட்டோகிராபி கற்றுக்கொள்கிறவர்களுக்கு இன்றைக்கும் பாடம். சரி, கேரிஸ் வில்சன் என்றால்? பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் "வெஸ்டனுடைய மாடல்தானே? மணல்மேட்டில் ஆடையில்லாமல் படுத்திருப்பாரே, அவர்தானே?" என்பார்கள்.

அவரேதான். 1936-ல் ஓஷியானோ மணல்மேடுகளில் எடுத்த அந்தப் படங்களில் இருப்பவர் கேரிஸ்தான். ஆனால் அவர் வாழ்க்கையை அந்த மணலிலேயே புதைத்துவிட்டார்களே, அதுதான் அநியாயம். 2009-ல் தன் 95-வது வயதில் அவர் இறந்தபோதுகூட அஞ்சலிக் குறிப்புகளில் முன்னால் வந்து நின்றவை 'மாடல்', 'கலைஞனுக்கு உந்துசக்தி' என்ற சொற்கள்தான். உந்துசக்தியாம்! சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும், பக்கத்தில் இருப்பவருக்குக் கலை ஊற்றெடுக்கும் என்பது போல. உண்மையில் கேரிஸ் செய்தது வேலை. அதுவும் கொஞ்சநஞ்ச வேலை இல்லை.

முதலில் பணம் வந்த கதையைப் பார்ப்போம். 1937-ல் எட்வர்டுக்கு குகன்ஹைம் உதவித்தொகை கிடைத்தது. புகைப்படக் கலைஞர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை. தொகை 2,000 டாலர். எட்வர்ட் முதலில் அனுப்பிய விண்ணப்பம் சில வரிகளில் முடிந்துவிட்டது. இது போதாது, விரிவாக எழுதுங்கள் என்று புகைப்படக் கலைஞர் டோரதியா லாங்கும் அவர் கணவர் பால் டெய்லரும் சொன்னார்கள். அதன் பிறகு நான்கு பக்கத்துக்குக் கடிதமும் வேலைத் திட்டமும் போயின. அவற்றை எழுதியவர் கேரிஸ். அப்படி ஒருவர் எழுதிக் கொடுத்தார் என்று விண்ணப்பத்தில் ஒரு வார்த்தை இல்லை. புகைப்பட வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் இந்த 'முதல்' பெருமைக்குப் பின்னால் இருந்த எழுத்து அவருடையது.

அடுத்து வண்டி. தென் கலிபோர்னியா ஆட்டோமொபைல் கிளப் நடத்திய 'வெஸ்ட்வேஸ்' பத்திரிகை, பயணத்தில் எடுக்கும் படங்களில் மாதம் எட்டுப் பத்தை 50 டாலருக்கு வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொண்டது. அந்தத் தைரியத்தில் ஒரு ஃபோர்டு வி-8 கார் வாங்கினார்கள். 'ஹெய்மி' என்று அதற்குச் செல்லப் பெயரும் வைத்தார்கள். ஓட்டியவர் கேரிஸ். எட்வர்ட் கார் ஓட்டமாட்டார்! கலிபோர்னியா மாதிரி ஒரு பிரதேசத்தில், டெத் வேலியிலும் சியரா நெவாடா மலைகளிலும் படமெடுக்கப் புறப்பட்ட மனிதருக்கு வண்டி ஓட்டவே ஓர் ஆள் வேண்டியிருந்தது.

இதே பத்திரிகை படக்குறிப்புகளும் சிறு கட்டுரைகளும் எழுதித் தருவதற்காக கேரிஸுக்குத் தனியாக மாதம் 15 டாலர் தந்தது. ஆக, 1937-லேயே ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு இது சம்பளம் தரவேண்டிய வேலை என்று புரிந்திருக்கிறது. பின்னால் வந்த கலை விமர்சகர்கள் பலருக்குத்தான் புரியவில்லை.

முதல் பன்னிரண்டு மாதங்களில் பதினேழு பயணங்கள். மொத்தம் 16,697 மைல், அதாவது சுமார் 26,870 கிலோமீட்டர். எட்வர்ட் எடுத்த நெகட்டிவ்கள் 1,260. வகுத்துப் பாருங்கள், ஒரு நெகட்டிவுக்கு 13 மைல் வருகிறது. அதுவும் எட்டுக்குப் பத்து அங்குல ஷீட் ஃபிலிம் போடும் பெரிய கேமரா. டிரைபாடு இல்லாமல் நகராது. ஒவ்வொரு ஷீட்டையும் இருட்டில் வைத்து ஹோல்டரில் ஏற்ற வேண்டும். அந்தக் கேமராவைப் பாறைக்கு முன்னால் கொண்டு போய் நிறுத்துவதற்கே ஒரு பயணத்தின் முழு உழைப்பும் தேவை.

இந்த 16,697 என்கிற கணக்கு நமக்கு எப்படிக் கிடைத்தது? கேரிஸ் எழுதி வைத்த பயணக் குறிப்பேட்டிலிருந்துதான். எட்வர்டின் மிக முக்கியமான ஆண்டைப் பற்றி எழுதுகிறவர்கள் கேரிஸின் குறிப்புகளிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். எடுத்துக்கொண்டு, அவரையே 'மாடல்' என்று ஓரம் கட்டுகிறார்கள். ஊர் கூடி இழுத்த தேருக்கு ஒருவர் பெயரை மட்டும் எழுதி வைப்பது இதுதான்.

அந்தக் கோடையில் எட்வர்ட் எடுத்த ஒரு படம் இந்த விவகாரம் முழுவதையும் காட்டிக்கொடுக்கும். சியரா நெவாடாவில் எடிசா ஏரிக்கரை, 1937. கேரிஸ் பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். கால்சட்டை, பூட்ஸ், தலையைச் சுற்றி இறுகக் கட்டிய துணி, கேமராவை நேராகப் பார்க்கும் கண்கள். இதில் ஒரு கிறக்கத்தையும் அழைப்பையும் கண்டுபிடித்து எழுதியவர்கள் உண்டு. கேரிஸ் சொன்ன விளக்கமோ ரொம்ப சாதாரணம். மலையேறி அலுத்துப் போய் உட்கார்ந்திருந்தார். துணியைச் சுற்றியது கொசுக்கடிக்காக! வேலை செய்து களைத்த ஒரு பெண்ணைப் பார்த்து மோகினி என்று முடிவு கட்டுவதற்கு எத்தனை சௌகரியமான கண் வேண்டும்?

தூரப் பயணத்துக்குத்தான் துணை வேண்டும், வீட்டுக்குப் பக்கத்தில் எடுத்த படங்கள் எட்வர்டின் தனிச் சொத்து என்று ஒரு வாதம் வரலாம். அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. கார்மெல் அருகே உள்ள பாயின்ட் லோபோஸ் கடற்கரையை அவர் 1929-லேயே எடுக்க ஆரம்பித்துவிட்டார். கேரிஸை அவர் சந்தித்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து. அந்தப் பாறைகளும் சைப்ரஸ் மரங்களும் அவர் தானாகக் கண்டடைந்தவை. இதை யாரும் மறுக்கவில்லை.

ஆனால் 1938-க்குப் பிறகு அந்த 'வீட்டுக்குப் பக்கம்' எங்கே இருந்தது? பாயின்ட் லோபோஸிலிருந்து கொஞ்ச தூரத்தில், வைல்ட்கேட் ஹில் என்று அவர்கள் பெயர் வைத்த மேட்டில். வீட்டைக் கட்டியவர் எட்வர்டின் மகன் நீல். நிலம் கேரிஸின் அப்பாவான எழுத்தாளர் ஹாரி லியோன் வில்சனுடையது. உதவித்தொகை இரண்டாம் ஆண்டுக்கும் நீண்டது. எட்வர்ட் அங்கே இருட்டறையில் பிரின்ட் போட்டார், கேரிஸ் எழுதினார். 1940-ல் 96 படங்களோடு வந்த 'கலிபோர்னியா அண்ட் தி வெஸ்ட்' புத்தகத்தின் உரைநடை முழுவதும் கேரிஸுடையது. எட்வர்ட் பெயரில் பத்திரிகைகளில் வந்த புகைப்படக் கலைக் கட்டுரைகள் சிலவற்றை எழுதியதும் அவரே.

1941-ல் வால்ட் விட்மனின் 'லீவ்ஸ் ஆஃப் கிராஸ்' நூலின் ஒரு பதிப்புக்குப் படம் எடுக்க இருவரும் மறுபடி நாடு சுற்றக் கிளம்பினார்கள். 24 மாநிலங்கள், சுமார் 20,000 மைல். அந்த ஆண்டு டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டது, அமெரிக்கா போரில் இறங்கியது. பாயின்ட் லோபோஸில் ராணுவம் வந்து உட்கார்ந்துகொள்ள, பக்கத்தில் இருந்த கடற்கரைக்கும் போக முடியாமல் போயிற்று. எட்வர்ட் வீட்டையும் வீட்டைச் சுற்றித் திரிந்த பூனைகளையும் எடுத்தார். அந்தப் பூனைகளைப் பற்றி 1947-ல் ஒரு புத்தகம் வந்தது. அதற்கும் எழுத்து கேரிஸ்தான். இத்தனைக்கும் 1939-ல் நடந்த அவர்கள் திருமணம் 1946-லேயே விவாகரத்தில் முடிந்திருந்தது!

அதன் பிறகு எட்வர்டுக்கு நெடும் பயணங்கள் இல்லை. 1948-ல் பாயின்ட் லோபோஸில் எடுத்ததே கடைசி நெகட்டிவ். பார்க்கின்சன் நோய் அவர் கையைக் கட்டிப்போட்டுவிட்டது. ஆகவே கேரிஸ் போனதால்தான் எல்லாம் நின்றது என்று கதை கட்டத் தேவையில்லை. மிகை இல்லாமலே சொல்வதற்கு வேண்டிய அளவு இருக்கிறது.

"என்ன இருந்தாலும் ஷட்டரை அழுத்தியவர் அவர்தானே? பார்வை அவருடையதுதானே?" என்று கேட்பார்கள். ஆமாம், படங்கள் எட்வர்டுடையவை. அவற்றில் பாதியை கேரிஸுக்குப் பிரித்துக் கொடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்பது வேறு. அந்தப் பயணம், அந்தத் திட்டம், அந்தப் புத்தகம் இவை ஒருவருடைய வேலை அல்ல. சினிமாவில் ஒளிப்பதிவாளரின் பெயரைப் போட்டால் இயக்குநரின் பெருமை குறைந்துவிடுகிறதா?

"மனைவி கணவனுக்கு உதவியதற்கெல்லாம் கணக்குப் பார்ப்பதா?" என்பது இன்னொரு கேள்வி. இதைக் கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1937-ல் அவர் மனைவியே இல்லை. இன்னொன்றும் உண்டு. 1940 புத்தகத்தில் கேரிஸின் பெயரும் எட்வர்டின் பெயரும் சேர்ந்தே அச்சாகியிருக்கின்றன. யார் என்ன செய்தார்கள் என்பதில் அந்த இருவருக்கும் அங்கே குழப்பம் இல்லை. குழப்பம் பின்னால் வந்தவர்களுக்கு. கடைசியில் 1998-ல், 84 வயதில், 'த்ரூ அனதர் லென்ஸ்' என்று தன் நினைவுகளைப் புத்தகமாக்கித் தன் பங்கைத் தானே சொல்லவேண்டிய நிலை கேரிஸுக்கு வந்தது.

இது ஏதோ தொண்ணூறு வருடப் பழங்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. இன்றைக்கும் ஜோடியாகப் பயணம் போய்வந்து படம் போடுகிறார்கள். விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து வண்டி ஓட்டியவர், வழி பார்த்தவர், தங்க இடம் பிடித்தவர், குளிரில் டிரைபாடைப் பிடித்துக்கொண்டு நின்றவர் எல்லாம் ஒருவராகவே இருப்பார். படத்தின் மூலையில் வாட்டர்மார்க் இன்னொருவர் பெயரில் இருக்கும். ரொம்பப் பெருந்தன்மை என்றால் "என் இன்ஸ்பிரேஷனுக்கு நன்றி" என்று ஒரு இதயப் படம்.

இதயமெல்லாம் வேண்டாம். யார் என்ன செய்தார் என்று ஒரு வரி எழுதினால் போதும். எட்வர்ட் வெஸ்டனின் 1937 படங்களை எங்காவது பகிர்கிறவர்கள், அடியில் இப்படி எழுதிப் பழகலாம்: படம் எட்வர்ட் வெஸ்டன், பயணத் திட்டம், வாகனம், குறிப்பேடு, எழுத்து கேரிஸ் வில்சன். அதிக இடமும் பிடிக்காது.